குதிரைக்கு வயிற்றுவலி: அறிகுறியைக் கண்டது முதல் மீண்டும் தீவனம் வைப்பது வரை

லாயங்களில் கோலிக் என்று எல்லோரும் சொல்லும் வயிற்றுவலிதான் குதிரை வளர்ப்பவர் அடிக்கடி சந்திக்கும் அவசர நிலை. வாயு சேர்ந்து ஒரு மணி நேரத்தில் தானாகத் தீர்ந்துவிடும் வலியும், குடல் முறுக்கிக்கொண்டு அன்றிரவே உயிரைப் பறிக்கும் வலியும் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரியே தோன்றும். அனுபவம் மிக்க கால்நடை மருத்துவர்கூட முதல் பார்வையில் இரண்டையும் பிரித்துச் சொல்லத் தயங்குவார். ஆகவே, இது எந்த வகை வலி என்று கண்டுபிடிப்பது வளர்ப்பவரின் வேலை அன்று. நிலைமை எந்தப் பக்கம் நகர்கிறது, எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதை எண்களாகக் குறித்து மருத்துவரிடம் சொல்வதும், அவர் வந்து சேரும்வரை கெடுதல் செய்யாமல் காப்பதுமே அவரால் ஆகக்கூடியவை. ஊட்டி, கொடைக்கானல் சவாரிக் குதிரைகள், கடற்கரைக் குதிரைகள், பந்தய வண்டிக் குதிரைகள், அந்தியூர்ச் சந்தையில் வாங்கி வீட்டில் வளர்க்கப்படும் குதிரைகள் ஆகியவற்றின் சூழலை மனத்தில் வைத்து இவ்வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது.

குதிரையின் வயிறு அமைந்திருக்கும் விதம்

மாட்டைப் போலக் குதிரையும் புல் தின்னும் விலங்குதான் என்றாலும், அசைபோடும் நான்கறை வயிறு அதற்கு இல்லை. ஏறத்தாழ 450 கிலோ எடையுள்ள குதிரையின் இரைப்பை 8 முதல் 15 லிட்டர் அளவே கொள்ளும். உடல் பருமனோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. திறந்த வெளியில் மேயும் குதிரை நாளில் 16 மணி நேரம்வரை சிறிது சிறிதாகத் தின்றுகொண்டே இருப்பதற்கு ஏற்றபடி அமைந்த இரைப்பை இது. அதில் அமிலம் இடைவிடாமல் சுரக்கிறது. பித்தப்பையும் குதிரைக்கு இல்லை. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் உள்ள தசை மிக வலுவாக இறுகியிருப்பதால் குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. நீரோ வாயுவோ தேங்கினால் இரைப்பை விரிந்துகொண்டே போய்க் கடைசியில் வெடித்துவிடும். வெடித்த இரைப்பைக்கு மருத்துவம் இல்லை.

நார்ப்பொருள் செரிப்பது பின்குடலில். சிறுகுடலைத் தாண்டியதும் சுமார் ஒரு மீட்டர் நீளமுள்ள குருட்டுக்குடலும், அதன்பின் இரண்டாக மடிந்து கிடக்கும் பெருங்குடலும் இருக்கின்றன. அங்கே வாழும் நுண்ணுயிர்களே புல்லை நொதிக்கச் செய்து குதிரைக்குச் சத்தாக்கித் தருகின்றன. அந்த நுண்ணுயிர்க் கூட்டம் பழகிய தீவனத்துக்கு ஏற்றபடி அமைந்திருப்பதால், தீவனத்தைத் திடீரென மாற்றினால் அது குலைந்து, வாயுவும் அமிலமும் பெருகுகின்றன. மற்றொரு பலவீனம் குடலின் வடிவத்திலேயே இருக்கிறது. பெருங்குடலின் பெரும்பகுதி வயிற்றுச் சுவரோடு இறுகக் கட்டப்படாமல் தளர்வாகக் கிடப்பதால் அது இடம்பெயரவும் முறுக்கிக்கொள்ளவும் முடியும். இடுப்பெலும்புக்கு அருகே அது வளைந்து திரும்பும் இடத்தில் குழாயின் விட்டம் சட்டெனக் குறுகுவதால் காய்ந்த தீவனம் அங்கே அடைத்துக்கொள்கிறது.

தமிழ்நாட்டில் இந்தப் பிரச்சினைக்கு நெடிய வரலாறு உண்டு. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுத் துறைமுகங்களுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் அரபுக் கடலோரத்திலிருந்து கப்பலில் வந்தன. அவற்றுள் பெரும்பாலானவை விரைவில் மடிந்துபோயின என்று மார்க்கோ போலோவும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் எழுதியிருக்கிறார்கள். வறுத்த தானியத்தில் வெண்ணெய் சேர்த்துக் கொடுத்து, காய்ச்சிய பசும்பாலையும் குடிக்க வைத்ததாக வஸ்ஸாஃப் குறிப்பிடுகிறார். இன்று திருமண ஊர்வலத்துக்குக் கொண்டுவரப்படும் குதிரைக்கு அன்போடு சர்க்கரைப் பொங்கல் ஊட்டுபவர்களைக் காணும்போது அந்தக் குறிப்பு நினைவுக்கு வராமல் போவதில்லை.

முதற்படி: நலமாக இருக்கும்போதே அளந்து வைத்தல்

நலமுள்ள நாளில் உங்கள் குதிரையின் நாடி எவ்வளவு என்பது தெரியாவிட்டால், நோயுற்ற நாளில் எண்ணும் நாடிக்குப் பொருள் பாதிதான். எனவே ஒரு ஸ்டெதஸ்கோப்பும் மலக்குடல் வெப்பமானியும் வாங்கி லாயத்திலேயே வையுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் விலை குறைந்த கருவிகளே போதும்.

ஓய்வில் நிற்கும் வளர்ந்த குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறை துடிக்கும். சிறிய மட்டக்குதிரைகளுக்கு இது சற்றுக் கூடுதலாக இருக்கலாம், குட்டிகளுக்கு மிகக் கூடுதலாக இருக்கும். இடது முன்னங்கால் உடலோடு சேரும் இடத்தில் உள்ள முழங்கை மூட்டுக்குப் பின்னால், விலாவின் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் 'லப் டப்' என்ற இரட்டை ஒலி கேட்கும். அந்த இரண்டையும் சேர்த்து ஒரு துடிப்பாகக் கணக்கிட வேண்டும். ஸ்டெதஸ்கோப் இல்லாதபோது, கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் குறுக்கே ஓடும் தமனியை விரல் நுனிகளால் அழுத்தி நாடி பார்க்கலாம். மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16. உடல் வெப்பம் 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ், அதாவது ஏறத்தாழ 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட். ஈறு வெளிர் சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும். அதைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும்.

குடல் ஒலியை இடம், வலம் இரு பக்கமும், மேலும் கீழுமாக நான்கு இடங்களில் கேளுங்கள். விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் வலப்பக்க மேற்புறம் வைத்துக் கேட்டால், குருட்டுக்குடலுக்குள் நீர் பாயும் நீண்ட இரைச்சல் நிமிடத்துக்கு ஓரிரு முறை கேட்கும். ஒலியே இல்லாமை கவலைக்குரியது. ஒலி மிகுதியாக இருந்தால் இசிவாகவோ வயிற்றுப்போக்கின் தொடக்கமாகவோ இருக்கலாம். நலமுள்ள குதிரை நாளுக்கு 8 முதல் 12 முறை லத்தி போடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். காலையில் லாயத்தைக் கூட்டுபவரே இந்தக் கணக்கை வைத்திருக்க ஏற்றவர். வலியின் முதல் தடயம் பல வேளைகளில் குதிரையிடம் தெரிவதற்கு முன்பே லத்தி குறைந்திருப்பதில் தெரியும்.

எடையையும் அறிந்திருக்க வேண்டும், ஏனெனில் மருந்தளவும் தீவன அளவும் அதைச் சார்ந்தவை. எடைமேடை இல்லாவிட்டால் ஒரு டேப் போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து புட்டமுனைவரை உடல் நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் வருவது கிலோ கணக்கில் எடை. சுற்றளவு 150, நீளம் 140 என்று இருந்தால் எடை சுமார் 265 கிலோ. மலைப்பகுதிச் சவாரிக் குதிரைகளில் பலவும் இதன் அருகில்தான் இருக்கும்.

இரண்டாம் படி: வலியைக் கண்டுகொள்ளுதல்

இலேசான வலியில் குதிரை தீவனத்தை விட்டு விலகி நிற்கும், மேலுதட்டைச் சுருட்டும், திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்க்கும், முன்னங்காலால் தரையைப் பறிக்கும். சிறுநீர் கழிக்கப்போவது போல உடலை நீட்டி நின்றுவிட்டு ஒன்றும் செய்யாமல் மீளும். பழக்கமில்லாத நேரத்தில் படுத்துக்கொள்வதும், படுத்த உடனே எழுவதும் இதில் சேரும். வலி கூடும்போது பின்னங்காலால் வயிற்றை உதைக்கும், வியர்க்கும், தொடர்ந்து உருளும். கடுமையான வலியில் அருகில் இருப்பவரையும் பொருட்படுத்தாமல் தன்னைத் தரையில் எறிந்துகொள்ளும். குட்டிகள் மல்லாந்து கிடப்பதும் பல்லைக் கடிப்பதும் உண்டு.

வலி எவ்வளவு வெளிப்படுகிறது என்பதை மட்டும் வைத்து நோயின் கடுமையை அளக்கக் கூடாது. ஒரு குதிரை சிறு வாயுவுக்கே லாயத்தை இரண்டுபடுத்தும்; வயதான வண்டிக் குதிரை ஒன்று குடல் அழுகும்வரை தலையைத் தொங்கவிட்டு நின்றுகொண்டிருக்கும். இதயத் துடிப்பு இவ்விரண்டையும் விட நம்பகமான சாட்சி. துடிப்பு 60ஐத் தாண்டினால் மருத்துவரின் உடனடிக் கவனம் தேவை. 80ஐத் தாண்டினால் நிலைமை மிகக் கடுமையானது. ஈறு செங்கல் நிறமாகவோ ஊதாவாகவோ மாறியிருந்தாலும், பற்களின் வேரை ஒட்டிக் கருஞ்சிவப்புக் கோடு தெரிந்தாலும், குடலிலிருந்து நச்சுப்பொருள் இரத்தத்தில் கலக்கத் தொடங்கியிருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இதை அறியாதவர் பலர். மணிக்கணக்கில் உருண்டு புரண்ட குதிரை திடீரென அமைதியாக நின்றால், வலி விட்டது என்று எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். உண்மையில் வலி தீர்ந்திருந்தால் குதிரை சுற்றுமுற்றும் பார்க்கும், புல்லைத் தேடும், லத்தி போடும், துடிப்பு இறங்கும். இவற்றில் எதுவும் இல்லாமல், உடல் குளிர்ந்து, குளிர்வியர்வை பூத்து, துடிப்பு முன்பைவிட ஏறியிருந்தால் இரைப்பையோ குடலோ வெடித்திருக்கக்கூடும். அமைதி வந்ததும் முதலில் செய்ய வேண்டியது மீண்டும் நாடி எண்ணுவது.

வயிற்றுவலி போலத் தோன்றும் வேறு நோய்களும் உண்டு. மூக்கின் வழியே தீவனத் துணுக்கும் எச்சிலும் வழிய, குதிரை கழுத்தை நீட்டி இருமினால் அது உணவுக்குழாய் அடைப்பு. காய்ந்த தவிட்டையோ ஊறாத தீவனக் குச்சியையோ அவசரமாக விழுங்கியதன் விளைவு. அப்போது தீவனம், தண்ணீர் இரண்டையும் எடுத்துவிட்டு, தலையைத் தாழ்த்தி வைத்து மருத்துவரை அழைக்க வேண்டும். வேலைக்குப் பின் தொடைத் தசை கல்லாக இறுகிக் காப்பி நிறத்தில் சிறுநீர் போனால் அது தசைநோய். அந்தக் குதிரையை ஓர் அடிகூட நடத்தக் கூடாது. குளம்புகள் சூடேறி, பின்னங்காலில் எடையைச் சாய்த்து நிற்பது குளம்பழற்சி. நாய் கடித்த குதிரைக்கு வெறிநோய் வந்தால் அதுவும் வயிற்றுவலி போலவே தொடங்கக்கூடும்; நம் நாட்டில் இதை மறக்கவே கூடாது. நாய்க்கடிச் சந்தேகம் சிறிதளவு இருந்தாலும் அதன் வாய்க்குள் கை விட வேண்டாம்.

மூன்றாம் படி: முதல் அரைமணி நேரம்

முதலில் தீவனம் அனைத்தையும் அகற்றுங்கள். கீழே சிதறிக் கிடக்கும் வைக்கோலும் இதில் அடங்கும். மூக்கின் வழியே இரைப்பை நீர் வெளிவராதவரை தண்ணீரை எடுக்க வேண்டியதில்லை. பிறகு நாடி, மூச்சு, வெப்பம், ஈறு, குடல் ஒலி ஆகியவற்றை நேரத்தோடு எழுதுங்கள். கைப்பேசியிலோ சுவரில் கரித்துண்டாலோ எழுதினாலும் போதும்; நினைவை மட்டும் நம்பாதீர்கள்.

உடனே மருத்துவரை அழையுங்கள். "குதிரைக்கு முடியலைங்க, சீக்கிரம் வாங்க" என்று சொல்வதற்கும், "எட்டு மணிக்கு நாடி 48 இருந்துச்சுங்க, எட்டே காலுக்கு 56, நேத்து சாயங்காலத்துல இருந்து லத்தி போடலைங்க, ஈறு காஞ்சிருக்கு" என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. இரண்டாவதைக் கேட்ட மருத்துவர் எதை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும், மற்ற அழைப்புகளுக்கு முன்பாக இங்கே வர வேண்டுமா என்பதை அங்கிருந்தே முடிவு செய்வார். குதிரையின் வயது, சினையா, அண்மையில் ஈன்றதா, கடைசியாகப் புழுமருந்து எப்போது, தீவனத்தில் என்ன மாற்றம், ஏற்கனவே ஏதேனும் ஊசி போடப்பட்டதா என்பவற்றையும் சொல்லுங்கள். உள்ளூரில் குதிரை பார்க்கும் மருத்துவர் இல்லாதவர்கள் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். ஆனால் குதிரைக்கு இரைப்பைக் குழாய் செலுத்தும் பழக்கமுள்ள மருத்துவரின் எண்ணை நோய் வருவதற்கு முன்பே தேடி வைத்திருப்பதே சரி.

குதிரை அமைதியாகப் படுத்திருந்தால் அப்படியே விடுங்கள். உருள முயன்றால் மண் மெத்தென்ற திறந்த இடத்துக்குக் கொண்டுபோய்ப் பத்து நிமிடம் மெதுவாக நடத்தலாம். விடிய விடிய நடத்த வேண்டும் என்ற பழக்கம் குதிரையையும் ஆளையும் களைக்கச் செய்வதைத் தவிர வேறு பயன் தருவதில்லை. உருளுவதால்தான் குடல் முறுக்குகிறது என்ற நம்பிக்கைக்கு உறுதியான சான்றும் இல்லை. பல நேரங்களில் குடல் ஏற்கனவே முறுக்கிக்கொண்டதால்தான் குதிரை உருளுகிறது. கட்டுக்கடங்காமல் தன்னை எறியும் குதிரையின் அருகில் போகாதீர்கள். ஆளின் உயிர்தான் முதலில் காக்கப்பட வேண்டியது.

பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மீண்டும் அளந்து எழுதுங்கள். ஓர் அளவு மட்டும் அதிகம் சொல்லாது. இரண்டாவதும் மூன்றாவதும் சேரும்போதுதான் போக்கு தெரியும்.

செய்யவே கூடாதவை

மாட்டுக்கு மருந்து புகட்டும் மூங்கில் கொட்டத்தை எடுத்துக் குதிரையின் தலையைத் தூக்கி எண்ணெயையோ கஷாயத்தையோ ஊற்றுவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஊற்றியது நுரையீரலுக்குள் போய்விடும். திரவ பாரஃபினுக்குச் சுவையும் உறைப்பும் இல்லாததால் அது மூச்சுக்குழாயில் இறங்குவதைக் குதிரை இருமிக்கூடக் காட்டாமல் போகலாம். வயிற்றுவலி தீர்ந்து நிமோனியாவில் சாகும் குதிரைகள் இப்படித்தான் உருவாகின்றன. எண்ணெய் தேவை என்றால் மூக்கின் வழியே இரைப்பைக்குள் குழாய் செலுத்தி மருத்துவர் கொடுப்பார். அடைப்பு சிறுகுடலில் இருந்தால் அந்த எண்ணெயும் கேடே என்பதால், முதலில் இரைப்பையை வெளியேற்றிப் பார்த்த பிறகுதான் அவர் எதையும் ஊற்றுவார்.

மருத்துவரைக் கேளாமல் வலி ஊசி போடுவது அடுத்தது. ஃப்ளூனிக்ஸின் நல்ல மருந்துதான். எனினும் அறுவை தேவைப்படும் வலியைக்கூட அது சில மணி நேரம் மறைத்துவிடும், அந்த நேரம் திரும்பக் கிடைக்காது. அதைத் தசையில் போட்டால் அபூர்வமாகக் குளோஸ்ட்ரிடியம் கிருமியால் தசை அழுகி உயிருக்கே முடியும். ஒரு மருந்தாளுநர் கொடுத்ததை மறைத்து, அடுத்து வரும் மருத்துவர் அதே வகை மருந்தை மீண்டும் போடும்படி விடுவதும் சிறுநீரகத்தையும் குடலையும் கெடுக்கும். இசிவு தளர்த்தும் பஸ்கோபான் ஊசிக்குப் பிறகு சிறிது நேரம் துடிப்பு ஏறும் என்பதால், அதைப் போட்ட நேரத்தையும் எழுதி வைக்க வேண்டும். அட்ரோபின் குடல் அசைவையே நிறுத்திவிடும். வயிற்றுவலிக்கு அதை நாட வேண்டாம். கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக், பிணந்தின்னிக் கழுகுகள் அழிந்ததன் காரணமாக 2006இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. மோயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கழுகுகளை எண்ணியேனும் நீலகிரிக் குதிரைக்காரர்கள் மனிதருக்கான குப்பியை வாங்கிப் போடக் கூடாது.

நான்காம் படி: மருத்துவரின் சோதனையும் முடிவும்

மருத்துவர் இரைப்பைக் குழாய் செலுத்தும்போது இரண்டு லிட்டருக்கு மேல் நீர் திரும்பி வந்தால் சிறுகுடல் அடைத்திருக்கலாம் அல்லது வீங்கியிருக்கலாம். அந்த நீரை வெளியேற்றுவதே வலியைத் தணிக்கும், இரைப்பை வெடிப்பதையும் தடுக்கும். மலக்குடல் வழியாகக் கை செலுத்தி, அடைப்பு இருக்கிறதா, குடல் இடம்பெயர்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்; சிறிய குதிரைகளில் இது எப்போதும் இயலாது. வயிற்றின் அடிப்பக்கத்தில் ஊசி குத்தி எடுக்கும் நீர் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தால் ஆறுதல். சிவந்தோ கலங்கியோ இருந்தால் குடலின் ஒரு பகுதி இரத்த ஓட்டம் இழந்திருக்கிறது என்று பொருள்.

பெருங்குடல் அடைப்பு பெரும்பாலும் மருந்தாலேயே தீரும். குழாய் வழியே மீண்டும் மீண்டும் கொடுக்கப்படும் நீரும் உப்புக் கரைசலும்தான் அதில் உண்மையான மருந்து. காய்ந்த திரளை ஊறவைப்பதே குறிக்கோள் என்பதால் இரண்டு மூன்று நாள் பொறுமை வேண்டும். வாயுவும் இசிவும் ஓரிரு மணி நேரத்தில் அடங்கும். வலி மருந்துக்குப் பிறகும் வலி திரும்பினாலோ, துடிப்பு ஏறிக்கொண்டே போனாலோ, இரைப்பை நீர் தொடர்ந்து வந்தாலோ அறுவை சிகிச்சை ஒன்றே வழி. இரத்த ஓட்டம் நின்ற குடல் சில மணி நேரத்தில் மீட்க முடியாதபடி கெடுவதால், இம்முடிவை விடியும்வரை தள்ளிப்போட இயலாது.

இதைக் கசப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது: தமிழ்நாட்டில் பெரும்பாலான குதிரைக்காரர்களுக்கு அறுவை சிகிச்சை எட்டாத தொலைவில் இருக்கிறது. 1903இல் தொடங்கிய, வேப்பேரியில் இருக்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களிலோ பந்தயக் குதிரை மருத்துவர்களிடமோ எந்த நேரத்தில் என்ன வசதி உண்டு, செலவு எவ்வளவு ஆகும், ஏற்றிச் செல்ல எந்த வண்டி வரும் என்பதை நல்ல நாளிலேயே கேட்டு வையுங்கள். அறுவைக்கு வழியில்லை என்றால் அதை மருத்துவரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. மீள முடியாத குதிரையை வலியின்றி உறங்கச் செய்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. அதற்குத் தயங்கி இரவு முழுவதும் உருள விடுவதில் அன்பு இல்லை.

நம் ஊரில் அடிக்கடி காணும் காரணங்கள்

கடற்கரையில் வாழும் குதிரை மணலோடு சேர்த்தே தின்கிறது. தரையில் போட்ட புல், மணலில் சிந்திய கொள்ளு, பசியால் தரையை நக்குவது என்று நாள்தோறும் உள்ளே போகும் மணல் பெருங்குடலின் அடியில் படிந்து, குடற்சுவரை உராய்ந்து, ஒருநாள் அடைத்துக்கொள்கிறது. விட்டு விட்டு வரும் வயிற்றுப்போக்கும் இதன் அடையாளமாக இருக்கலாம். சோதிப்பது எளிது: மண் படாமல் மேலாக எடுத்த ஐந்தாறு லத்தி உருண்டைகளை ஒரு பிளாஸ்டிக் பையில் ஒரு லிட்டர் நீரோடு போட்டுக் கரைத்து, கால்மணி நேரம் தொங்கவிடுங்கள், அடியில் மணல் விரலுக்குத் தட்டுப்பட்டால் குடலிலும் இருக்கிறது. தட்டுப்படாததால் மட்டும் இல்லை என்று ஆகிவிடாது. இசப்கோல் உமியை நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் வீதம் சில நாள் தீவனத்தில் கலந்து கொடுப்பது வழக்கம். வலியோடு நிற்கும் குதிரைக்கு அது போதாது, மருத்துவர் குழாய் வழியே மக்னீசியம் சல்பேட்டையும் சேர்ப்பார். எல்லாவற்றையும் விடப் பயன் தருவது, தீவனத்தைத் தொட்டியிலோ ரப்பர் விரிப்பிலோ வைப்பது.

மலைநகரங்களில் பிரச்சினை குப்பை. வேலையில்லாத நேரத்தில் அவிழ்த்துவிடப்படும் குதிரைகள் குப்பைத்தொட்டியில் மேய்ந்து, பிளாஸ்டிக் பையைச் சோற்றோடு விழுங்குகின்றன. அந்தப் பை எந்த மருந்திலும் கரையாது. பயணிகள் கையால் ஊட்டும் ரொட்டியும் பிஸ்கட்டும் சேர்ந்து நாளைக்கு எவ்வளவு ஆகிறது என்று எந்தக் குதிரைக்காரரும் கணக்கிடுவதில்லை. குளிர்காலக் காலைகளில் நீர் உறையும் குளிர்ச்சியோடு இருப்பதால் குதிரை குடிப்பது குறைந்து அடைப்பு வரும். வெதுவெதுப்பான நீர் ஒரு வாளி வைத்தாலே பெரும் வேறுபாடு தெரியும்.

குடற்புழுக்களில் இரத்தக் குழாயைத் தாக்கும் பெரிய ஸ்ட்ராங்கைல் புழு முன்பு பல குதிரைகளின் உயிரைக் குடித்தது. ஐவர்மெக்டின் வந்த பிறகு அது குறைந்திருக்கிறது. குட்டிகளின் வயிற்றில் உருண்டைப் புழு நிறைந்திருக்கும்போது வலுவான மருந்தால் அனைத்தையும் ஒரே வேளையில் செயலிழக்கச் செய்தால், செத்த புழுக்களே குடலை அடைத்துவிடும். ஆகவே முதல் மருந்து எது என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். வளர்ந்த குதிரைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு மருந்து கொடுப்பதைவிட, லத்தியில் முட்டை எண்ணிக்கை பார்த்துக் கொடுப்பது மருந்து எதிர்ப்பு வளர்வதைத் தடுக்கும்.

மாடும் கோழியும் சேர்ந்து வளரும் வீடுகளில் இரண்டு ஆபத்துகள் உண்டு. மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் அமிட்ராஸ் குதிரையின் மேல் பட்டால் குடல் அசைவு நின்று கடுமையான அடைப்பு வரும். கோழித் தீவனத்தில் கலக்கப்படும் மொனென்சின், சிறிய அளவிலேயே குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். கோழித் தீவன மூட்டையையும் குதிரைத் தீவன மூட்டையையும் ஒரே அறையில் வைக்காதீர்கள்.

தானியக் கிடங்கை உடைத்துப் புகுந்து வயிறு நிறையக் கொள்ளோ நெல்லோ தின்ற குதிரை, தின்ற சில மணி நேரம் நன்றாகவே இருக்கும். வலி தெரியும்வரை காத்திருக்காமல் அப்போதே மருத்துவரை அழைக்க வேண்டும். பின்குடலில் அமிலம் பெருகிய பின் வருவது வயிற்றுவலி மட்டும் அன்று, வாழ்நாள் முழுவதும் நொண்ட வைக்கும் குளம்பழற்சியும்தான்.

ஐந்தாம் படி: தேறிய குதிரைக்குத் தீவனம்

வலி நின்று, லத்தி போட்டு, துடிப்பு இயல்புக்கு வந்து, மருத்துவர் ஒப்பிய பிறகே தீவனம். முதலில் இரு கை நிறைய இளம் புல். அறுகம்புல் மிகப் பொருத்தம். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை இப்படிக் கொடுத்து, மறுநாள் அளவைச் சிறிது கூட்டலாம். காய்ந்த தீவனத்தை நீரில் நனைத்தே வைக்க வேண்டும். தானியம், தவிடு, கொள்ளு ஆகியவற்றை இரண்டு நாளாவது தொட வேண்டாம். அடைப்பு வந்து மீண்ட குதிரைக்கு இன்னும் கூடுதலாகப் பொறுக்க வேண்டும். பசியால் கனைக்கும் குதிரைக்கு மனமிரங்கி வைத்த ஒரு கூடை வைக்கோல் மறுபடியும் அதே இடத்தில் அடைக்கும். ஒவ்வொரு லத்தியையும் குறித்து வையுங்கள், இரண்டு நாள் காலையும் மாலையும் நாடி பாருங்கள். சவாரிக்கும் வண்டிக்கும் திருப்புவது முழுத் தீவனத்துக்குத் திரும்பிய பிறகுதான்.

அன்றாட ஏற்பாடு

உலர்எடையில் கணக்கிட்டால், உடல் எடையில் 1.5 முதல் 2 விழுக்காடு நார்த்தீவனம் தினமும் வேண்டும். முன்பு கணக்கிட்ட 265 கிலோ குதிரைக்கு இது சுமார் 4 முதல் 5.3 கிலோ உலர்புல். கோ-4 போன்ற பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு நீரே என்பதால் பச்சையாக 20 முதல் 26 கிலோவரை தேவைப்படும். பலர் இதில் பாதியைக் கொடுத்துவிட்டு மீதியைத் தவிட்டால் ஈடு செய்யப் பார்க்கிறார்கள். வயிற்றுவலிக்கு முதற்காரணம் அதுவே என்பது என் கணிப்பு. குதிரைமசால் கிடைத்தால் புல்லோடு ஒரு பங்காகச் சேர்க்கலாம். அதில் உள்ள சுண்ணாம்புச் சத்து இரைப்பை அமிலத்தையும் ஓரளவு தணிக்கும். முற்றிய சோளத்தட்டையும் நெல் வைக்கோலும் மட்டுமே தீவனமாக அமைவது அடைப்புக்கு வழி.

தானியம் ஒரு வேளைக்கு உடல் எடையில் அரை விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இந்தக் குதிரைக்கு அது 1.3 கிலோ. கொள்ளை ஊறவைத்தோ வேகவைத்தோ, பல வேளையாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது. எந்தத் தீவனத்தை மாற்றினாலும் பழையதோடு புதியதைச் சிறுகச் சிறுகக் கூட்டி, பத்து நாளுக்குக் குறையாமல் மாற்றுங்கள். புல்வெளி வெட்டும் எந்திரத்திலிருந்து வந்த குவியலைக் கொடுக்காதீர்கள். அது கூடையிலேயே நொதித்துவிடுகிறது. நீர் நாளுக்கு உடல் எடையில் 100 கிலோவுக்கு ஐந்து லிட்டரேனும் வேண்டும். கோடையிலும் உழைப்பிலும் அது இரட்டிப்பாகலாம். வியர்த்த குதிரைக்குத் தீவனத்தில் உப்புச் சேர்த்தால்தான் தாகம் எழும்.

காலில் காயம்பட்டுத் திடீரெனக் கட்டிப்போடப்பட்ட குதிரைக்குக் குடல் அசைவு குறைந்து அடைப்பு வருவது வழக்கம். அந்நாள்களில் தானியத்தைக் குறைத்து, புல்லை நனைத்து, மருத்துவர் அனுமதிக்கும் அளவுக்குக் கையில் பிடித்து நடத்த வேண்டும். பல் ஆண்டுக்கு ஒருமுறையும், வயதான குதிரைக்கு இருமுறையும் பார்க்கப்பட வேண்டும். மென்ற புல்லைப் பந்தாக உருட்டித் துப்பும் குதிரையும், லத்தியில் முழுத் தானியமும் நீண்ட நார்த்துண்டுகளும் போகும் குதிரையும் சரியாக மெல்லவில்லை. அந்த மெல்லாத நார்தான் பெருங்குடலின் வளைவில் போய்த் திரளுகிறது, ஆகவே அத்தகைய குதிரைக்குப் பல் அராவும்வரை நறுக்கி ஊறவைத்த தீவனத்தையே கொடுக்க வேண்டும்.